மந்திரியின் கடைசிப் பக்கமும் ஆறு பிரதிகளும்

முறைப்பாடு ஒன்று கிடைத்தால், அதைச் செய்தவர் யார் என்பதையும் அதில் என்ன இருக்கிறது என்பதையும் அந்த அலுவலோடு சம்பந்தமில்லாத எவருக்கும் வெளியிடக் கூடாது. இது விதி. அரச கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த முதற் கிழமையே இதைச் சொல்லித் தந்துவிடுவார்கள். பிறகு நானும் நிறையப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இலிகிதராகத் தொடங்கி நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்தாலும் சுற்றறிக்கையின் இலக்கத்தை மறக்கமாட்டேன் என்று என் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள். அதை ஒரு காலத்தில் புகழ்ச்சியாகவும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மேலே சொன்ன விதி பொருந்தியிருக்க வேண்டிய கடிதம் ஒன்றை, போன மார்கழியில், யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் உள்ள கரம்பொனில் என் வீட்டு மேசையில் இருந்து எழுதினேன். எனக்காக அல்ல. அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஒரு பெண்ணுக்காக. பாலர் பாடசாலையில் சமைப்பவர். கணவர் இறந்து பத்து வருடமாகிறது. ஒரே மகன். அவனுக்கு இருபத்திமூன்று வயது. ஆவணியில் ஏஜென்சி மூலம் வெளிநாட்டுக்குப் புறப்பட்டவன், கார்த்திகை மழை தொடங்கிய கிழமை கடைசியாகக் கதைத்தான். எந்த நாட்டில் நிற்கிறான் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. பனி கொட்டுகிறது, எல்லைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஏழு பேரை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் சொன்னான்.

"அண்ணை, அவன் கதைச்சு நாப்பத்திரண்டு நாளாச்சு," என்றார் அந்தப் பெண். கதிரையின் நுனியில் இருந்தார்.

"ஏஜென்சிக்காரர் என்ன சொல்லுறார்?"

"ஒருத்தருக்கும் மூச்சு விட வேண்டாமாம். பெடியளின்ர ஃபோனை வாங்கி வைச்சிருக்கினமாம், பாதுகாப்புக்கு. முறைப்பாடு கிறைப்பாடு எண்டு நான் எங்கயும் போனா எல்லாருக்கும் ஆபத்தாம்."

"ஆபத்து அவருக்குத்தான் தங்கச்சி. உம்மட பிள்ளைக்கு இல்லை."

இந்த வசனத்தை நான் சொன்ன தொனி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சம்பளப் படிவத்தில் எங்கே ஒப்பமிட வேண்டும் என்று காட்டுகிற தொனி. அந்த ஏஜென்சிக்காரரை நான் கண்டதில்லை. அந்த நாட்டைப் பற்றித் தெரியாது. அந்த வீட்டுக்கு எத்தனை கதவு என்றுகூடத் தெரியாது. ஆனால் முறைப்பாடு எப்படிச் செய்வதென்று தெரியும். தெரிந்த ஒன்றுக்காக மற்றதையெல்லாம் தெரிந்த மாதிரியே கதைத்தேன்.

"எனக்கு உதுகள் விளங்காது அண்ணை. நீங்கள் சொன்னாச் செய்யிறன்," என்றார்.

வெளிநாட்டில் காணாமற்போன இலங்கையரைத் தேடுவதற்கென்று கொழும்பில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அதற்குத்தான் கடிதம். இரண்டு பக்கம், பந்திக்குப் பந்தி இலக்கம், விடயத்துக்குக் கீழே கோடு. மகனின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், படம் உள்ள பக்கத்தின் பிரதி, ஏஜென்சிக்காரரின் தொலைபேசி இலக்கம், அவர் சொன்னவை எல்லாவற்றையும் சேர்த்தேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. கடிதத்தின் அடியில், இடப்பக்கம், 'பிரதிகள்' என்று எழுதினேன்.

எங்கள் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். ஒருவருக்கு மட்டும் அனுப்பிய கடிதம் அவருடைய மேசைத் தட்டில் படுத்துவிடும். பிரதி போட்டால், மற்றவருக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியும், உடனே அசைவார். அப்படித்தான் வீதிக்குக் கல் போடுவித்தேன், விதவைகளின் ஓய்வூதியத்தை இளக்கினேன், ஒரு கிணற்றைக்கூட இறைப்பித்தேன். ஆகவே பிரதேசத்தில் இரண்டு, மாவட்டத்தில் மூன்று, மாகாணத்தில் ஒன்று என ஆறு பிரதிகள். அந்தப் பெண் ஏழு தாளிலும் ஒப்பமிட்டார். ஒவ்வொரு தடவையும் பேனையை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார். செவ்வாய்க்கிழமை ஊர்காவற்றுறைக்குப் போய் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, வரும் வழியில் மீனும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிழமையே, நத்தாருக்கு முந்திய வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தார். கையில் தொலைபேசி. அழைப்பு இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"ஏஜென்சிக்காரர். உங்களோடயாம் கதைக்க வேணும்," என்றார். தொலைபேசியை நீட்டினார்.

"வணக்கம் ஐயா," என்றது தொலைபேசி. மரியாதையான குரல். படித்தவர் மாதிரித்தான் கதைத்தார். "நல்ல தமிழ் ஐயா உங்களுக்கு. 'மேற்படி நபரின் உயிர்ப் பாதுகாப்புக் குறித்து ஆழ்ந்த கவலை கொண்டுள்ளேன்.' இப்ப ஆர் இப்பிடி எழுதுகினம்?"

அவர் என் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பந்தி இலக்கத்தோடு.

"பிரதி ஆறு. பேப்பருக்கும் ஒண்டு போட்டிருக்கலாமே ஐயா, கோயில் மணிக்கூட்டுக் கோபுரத்திலயும் ஒண்டு ஒட்டியிருக்கலாம்." சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா கேட்டுக்கொண்டு நிக்கிறாதானே. இனிப் பெடியனுக்கு நான் பொறுப்பில்லை அக்கா. ஆறு பேரிட்டக் குடுத்திட்டியள். அவையளிட்டக் கேளுங்கோ."

அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. அன்று பின்னேரம் முயன்றோம், அடுத்த நாள் முயன்றோம், அடுத்த கிழமை முழுக்க முயன்றோம்.

ஆறு கந்தோரில் எதிலிருந்து போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரோ ஒருவர் தட்டில் கிடந்த தாளைத் தொலைபேசியில் படமெடுத்திருக்க வேண்டும். கெட்ட எண்ணத்தோடு எடுத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தீவுப் பகுதியில் ஒரு ஏஜென்சிக்காரருக்கு எத்தனை மைத்துனர்கள் இருப்பார்கள் என்பதை எந்த விதியும் கணக்கில் எடுப்பதில்லை. ஆறு கதவைத் திறந்து வைத்தவன் நான். காற்று எந்தக் கதவால் வந்தது என்று விசாரணை வைத்து என்ன பயன்?

பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஷெல்லுக்குப் பயந்திருக்கிறேன். இரண்டு தடவை ஊரை விட்டு ஓடியிருக்கிறேன். அந்தப் பயத்துக்கு ஒரு திசை இருந்தது. சத்தம் வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடலாம். இதற்குத் திசை இல்லை. முகம் கழுவும்போது வந்தது. பனங்கிழங்கை உரிக்கும்போது வந்தது. யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் கேற்றடியில் நின்று, கல்யாண வீடொன்றுக்கு வழி கேட்டான். வழி சொல்லிவிட்டு உள்ளே வந்து, பட்டப்பகலில் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். ஆனால் அது எனக்கு என்ன வரும் என்ற பயம். அது கொஞ்ச நாளில் வெட்கமாக மாறிப் போய்விட்டது. போகாமல் நின்றது மற்றது. பனி கொட்டுகிற இடத்தில் ஒரு வீடு, உள்ளே ஏழு பேர், வெளியே ஒரு தொலைபேசி மணி அடிக்கிறது, யாரோ எடுத்து, சரி என்று சொல்லி வைக்கிறார். இந்தப் படம் என் கண்ணுக்கு முன்னால் நாளுக்குப் பத்துத் தடவை ஓடியது.

அந்தப் பெண் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து அதே கதிரையின் அதே நுனியில் இருந்து, "இனி என்ன செய்யிறது அண்ணை?" என்று கேட்டார். என்னிடமே கேட்டார். வேறு யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

தையில் மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்த கையோடு கூத்துப் பழகத் தொடங்கினார்கள். ஊரில் கனகாலம் மேடையேறாமல் இருந்த பழைய கூத்து. ஈஸ்டர் கிழமையில் போடுவதாக முடிவாகியிருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் வாசிகசாலை மண்டபத்தில் பழக்கம். நான் ஆடவும் மாட்டேன், பாடவும் மாட்டேன், கொப்பி பார்க்கிறவன். ஆடுகிறவருக்கு அடி மறந்துபோனால் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கதை இதுதான். பகையரசன் கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டான். அரசன் இறந்துவிட்டான், இராணியும் ஒரே மகனும் உள்ளே. இராணி மந்திரியைக் கேட்கிறாள். மந்திரி நல்லவன், அவன் பாட்டு எல்லாமே நல்ல இராகத்தில்தான். இளவரசனைத் தூது அனுப்புங்கள் என்கிறான். தூது வந்தவனைக் கொல்லக் கூடாது என்பது முறை. மகனை அனுப்பினால் பகைவன் மனம் இளகும் என்கிறான். இராணி அனுப்புகிறாள். குதிரை மட்டும் திரும்பி வருகிறது. இராணி ஒப்பாரி பாடுகிறாள். பிறகு மந்திரியைக் கூப்பிடுகிறாள்.

அதற்குப் பிறகு கொப்பியில் ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது.

"சேர் இருக்கிறார்தானே. எழுதுவார்," என்றார் அண்ணாவியார். கூத்துப் பழக்குகிற அவர் கடற்றொழிலும் செய்கிறவர். எழுபது வயதிலும் மண்டபம் அதிரப் பாடுவார். "ஊருக்கெல்லாம் பெட்டிசம் எழுதுற கை. உந்த மந்திரிக்கு ஒரு முடிவு எழுதேலாதோ?"

"முன்னம் என்ன முடிவு?" என்று கேட்டேன்.

அதில் தொடங்கியது சண்டை. மத்தளம் அடிப்பவர், மந்திரியை யானை மிதித்தது என்றார். அண்ணாவியார், இல்லை, இராணி மன்னித்து மங்களம் பாடியது தன் காதில் இன்னும் கேட்கிறது என்றார்.

"மன்னிக்கிறதோ? பெடியன் செத்துப் போனான் அண்ணை."

"மந்திரியோ வெட்டினது? வெட்டினவன் வெளியில நிக்கிறான்."

"அனுப்பினது ஆர்?"

"அனுப்பினது தாய். மந்திரி வாய்தான் திறந்தவன்."

"அந்த வாயைத் திறக்காமல் இருந்திருந்தா?"

"கேட்டா. சொன்னான். கேட்டவைக்குச் சொல்லாமல் விடுறதோ? அப்பிடியெண்டா எங்கட சேர் எப்பவோ தூக்கில தொங்கியிருக்க வேணும்," என்றார் மந்திரியாக ஆடுகிறவர். எங்கள் பகுதித் தபால்காரர். முப்பத்தெட்டு வயது, நல்ல குரல், நிறுத்தத் தெரியாத வாய். எல்லாரும் சிரித்தார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஒழுங்கைப் பெண்தான்; கேத்தலைப் பிடித்தபடி நின்றார்.

கடிதத்தைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது. அவரும் நானும் என் மனைவியும்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் நானும் சிரித்து வைத்தேன்.

முதல் வரைவை ஒரு கிழமையில் எழுதினேன். மந்திரி குற்றமற்றவன். நியாயங்கள் மூன்று: ஆலோசனை கேட்கப்பட்டது, அது அக்காலத்து முறைக்கு அமைவானது, இறுதி முடிவை எடுத்து முத்திரை வைத்தவர் இராணி. எங்கள் நிர்வாகத்தின் அத்திவாரமே இந்த மூன்றாவது நியாயம்தான். வரைபவன் வரைவான், சிபார்சு செய்பவன் செய்வான், ஒப்பமிட்டவரே பொறுப்பு. என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் எதற்கும் பொறுப்பாக இருந்ததில்லை என்பதை அந்த விருத்தத்தை எழுதும்போதுதான் கண்டேன். எப்போதும் எனக்கு மேலே ஒருவர் ஒப்பமிட்டிருந்தார். இந்தத் தடவை எனக்கு மேலே ஒப்பமிட்டவர், ஒவ்வொரு தாளுக்கும் கையைச் சேலையில் துடைத்த ஒரு சமையல்காரப் பெண்.

அண்ணாவியார் அதைத் தாளத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு அடியில் நிறுத்தினார்.

"சேர், இது கூத்தோ, விசாரணை அறிக்கையோ?"

இரண்டாவது வரைவில் மந்திரியைத் தூக்கிலிட்டேன். தபால்காரர் மறுத்துவிட்டார்.

"நான் தொங்க மாட்டன் சேர். மனுசி முன்வரிசையில இருந்து பாப்பா. பிறகு நாளைக்குத் தண்டம் கட்டச் சொல்லுற ஒரு ஃபைன் கடிதம் குடுக்கப் போனாலும் சனம் 'வந்திட்டான் தூக்குக் கயிறு' எண்டும்."

"செத்தவனுக்கு நீ என்ன பதில் சொல்லுவாய்?" என்றார் அண்ணாவியார்.

"நான் நல்லதுக்குத்தானே சொன்னனான்."

"நல்லதுக்கெண்டு சொன்னா விட்டிடலாமோ?"

அப்போதுதான் கேத்தலுக்குப் பக்கத்தில் இருந்து அந்தக் குரல் வந்தது. சண்டைக்காக அல்ல, தெரியாததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"அண்ணாவியார், அந்த மந்திரிக்கும் பிள்ளையள் இருந்ததோ?"

கொப்பியில் அப்படி ஒன்றும் இல்லை. என் பிள்ளைகள் இருவரும் கனடாவில். ஒழுங்கான விசாவில் விமானம் ஏறினவர்கள். படிவங்களை நானே நிரப்பினேன். அவர்களுடைய பெயரில் எங்கேயும் ஒரு பிரதிகூடப் போகவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினார்.

அடுத்த கிழமை கொழும்புக்குப் போனேன். பேருந்தில் ஒரு பகல் முழுக்க. அந்த அலுவலகத்தின் கருமபீடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாள். எங்கள் முறைப்பாட்டுக்குக் கோவை திறந்திருக்கிறது என்றாள். பிறகு, அது ஏன் அசையவில்லை என்பதையும் விளக்கினாள். நான் பிரதி அனுப்பிய கந்தோர்களில் நான்கு, தங்களுக்குக் கிடைத்ததை 'தேவையான நடவடிக்கைக்கு' என்று எழுதி இங்கேயே திருப்பி அனுப்பியிருக்கின்றன. ஒரே விடயத்துக்கு ஐந்து கடிதம். ஐந்துக்கும் ஐந்து இலக்கம். ஒன்றாக்கிய பிறகுதான் தூதரகத்துக்கு அனுப்ப முடிந்ததாம்.

"பதில் தபாலில் வரும் ஐயா," என்றாள்.

நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அதைத்தான் சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்த பிறகு எனக்கு அந்தத் தபால்காரரின் சைக்கிள் மணியே பயமாகிவிட்டது. அவர் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே மந்திரியின் வரவுப் பாட்டைப் பாடிக்கொண்டு வருவார். நல்ல இராகம். கேட்டதும் கேற்றடிக்குப் போய் நிற்பேன். வருகிற கடிதத்தில் என்ன இருக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும் போல இருந்தது. அந்த மாதிரிக் கடிதங்களை நானே எழுதியிருக்கிறேன். 'வருந்துகிறோம்' என்ற சொல் மூன்றாவது வரியில் வரும்.

"வெளியில போய் நிக்காதையுங்கோ," என்றாள் என் மனைவி. "உங்கட முகத்தைப் பாத்தே ஊர் கண்டு பிடிச்சிடும்."

மூன்றாவது வரைவை அந்த நாள்களில் எழுதினேன். இது மிகச் சின்னது. இராணி கேட்கிறாள், ஏன் அனுப்பச் சொன்னாய் என்று. மந்திரி சொல்கிறான்: முறையைப் படித்தவன் நான் தாயே, வெளியே நின்றவனை நான் படிக்கவில்லை. வேறு நியாயம் சொல்ல அவனுக்கு அடி எழுதவில்லை. இராணி அவனை மன்னிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. போய் என் பிள்ளையைக் கொண்டு வா என்கிறாள். கோட்டைக் கதவு திறக்கிறது. அவன் ஆயுதம் இல்லாமல் வெளியே போகிறான். அவ்வளவுதான்.

"மங்களம் எங்க பாடுறது?" என்றார் அண்ணாவியார்.

"அவன் போன பிறகு."

"வருவானோ, வரமாட்டானோ எண்டு தெரியாமலோ?"

"ஓம்."

அவர் தாளத்தைத் தட்டத் தொடங்கினார். அது சம்மதம்.

குருத்தோலை ஞாயிறு பின்னேரம் வெள்ளுடுப்பு. அரங்க உடுப்புப் போடாமல், எல்லாரும் வெள்ளை வேட்டியில் நின்று கூத்தை முழுக்க ஆடிப் பார்க்கிற நாள். கடைசிக் காட்சியில் தபால்காரர் வழக்கம் போல முன்னுக்கு வந்து சபைக்குக் கும்பிடாமல், முதுகைக் காட்டிக்கொண்டு மண்டபத்தின் பின்கதவால் வெயிலுக்குள் இறங்கிப் போனார். நான் அப்படி எழுதவில்லை, அவராகச் செய்தது.

அந்தப் பெண் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, அந்த மந்திரி திரும்பி வருவானோ?"

"தெரியேல்லைத் தங்கச்சி."

"எழுதின ஆளுக்குமோ தெரியாது?"

"எழுதின ஆளுக்கும் தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா, பரிதாபப்பட்டாரா என்று சொல்ல முடியாது.

மூன்று நாள் கழித்துக் காலையில் பாட்டுச் சத்தம் இல்லாமல் சைக்கிள் வந்தது. தபால்காரர் உருட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அந்தப் பெண். கையில் நீளமான உறை, பிரிக்கவில்லை.

"அங்க குடுத்தனான் சேர். பிரிக்க மாட்டனெண்டிட்டா. உங்களிட்டத்தான் வர வேணுமாம்," என்றார். போக வேண்டியவர் போகாமல் படியில் நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முகங்களைப் பார்த்துவிட்டார்.

என் மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் அதில் இருக்கவில்லை. நான் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். கிழித்தால் தாள் கிழியும் என்று பயம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கண் நேராக மூன்றாவது வரிக்குப் போனது. அந்தச் சொல் அங்கே இல்லை.

"இருக்கிறான்," என்றேன். "தங்கச்சி, பிள்ளை இருக்கிறான்."

அவர் மேசைக்குக் கிட்ட வந்தார். "முழுக்க வாசியுங்கோ."

வாசித்தேன். ஒவ்வொரு வசனமாகத் தமிழாக்கி, உள்ளதை உள்ளபடி. ஏழு பேரும் ஒரு வீட்டில் வைக்கப்பட்டிருந்தார்கள். நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை, வைத்திருந்தவர்கள் அவர்களை வெளிப்புறம் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உணவும் இல்லை, சூடாக்கும் வசதியும் இல்லை. மூன்றாம் நாள் அயலவர்கள் பொலிசுக்கு அறிவித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஏற்கெனவே அறிவுறுத்தப்பட்டபடி பொய்ப் பெயர்களையே சொன்னதால் யாரென்று கண்டறிய முடியாமல் இருந்தது. இப்போது, முறைப்பாட்டோடு இணைக்கப்பட்ட கடவுச்சீட்டுப் படத்தைக் கொண்டு உங்கள் மகன் அடையாளம் காணப்பட்டிருக்கிறார். காலில் பனியால் ஏற்பட்ட காயத்துக்குச் சிகிச்சை பெற்று, தடுப்பு முகாமில் நலமாக இருக்கிறார். தொலைபேசியில் கதைப்பதற்கு ஒழுங்கு செய்யப்படும்.

அதற்குப் பிறகு ஒரு வசனம் இருந்தது. நான் வாசிக்காமல் விட்டிருக்கலாம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"இன்னும் இருக்கோ அண்ணை?"

"ஏழு பேரில் ஒருவர் அந்த வீட்டிலேயே இறந்துவிட்டார். அவர் தொடர்பாக முறைப்பாடு எதுவும் கிடைக்காததால், அடையாளம் இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை."

அந்தப் பெண் விரலை மடித்து எண்ணுவதைக் கண்டேன். நான் ஏற்கெனவே எண்ணிவிட்டேன்.

"ஏஜென்சிக்காரர் ஃபோன் எடுத்தது வெள்ளிக்கிழமை," என்றார்.

"ஓம்."

"பூட்டினது சனிக்கிழமை."

"ஓம் தங்கச்சி."

அவர் என்னை நேராகப் பார்த்தார். அந்த மாதங்களில் அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் பதிலுக்குத் தயாராக நின்றேன். சொல்லட்டும் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"அந்தத் தாய்க்கு ஆர் கடிதம் எழுதுறது?"

எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் அதற்கு வழி இல்லை. பெயர் தெரியாத ஒருவனின், ஊர் தெரியாத தாய். எங்கோ ஒரு வீட்டில், ஒருத்தருக்கும் மூச்சு விட வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டு, சொல்லாமல் இருப்பவர். அவருக்கு நல்லது சொல்ல யாரும் பக்கத்தில் இருக்கவில்லை போலும். இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

படியில் நின்ற தபால்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "சேர், பதிவுத் தபால். கையெழுத்து வாங்க மறந்திட்டன்."

அந்தப் பெண் மேசையில் குனிந்து ஒப்பமிட்டார். இந்தத் தடவை கையைத் துடைக்கவில்லை. திகதியை நிரப்பாமல் பேனையை என்னிடம் தந்தார். நான் நிரப்பினேன். பெரிய வியாழனுக்கு முதல் நாள், புதன்கிழமை.